இறால் டம்ப்ளிங் தோசைக்கல்லில் ஒட்டிக் கிழிகிறது, என்ன செய்யலாம்?

பாம்பன் மருமகள்:
அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே சீனர் கடையில் இறால் வைத்து, அடிப்பக்கம் மட்டும் முறுகலாகச் சிவக்கவிட்ட, மைதாக் கொழுக்கட்டை மாதிரியான டம்ப்ளிங்கைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பார். நம் ஊரில் இறாலுக்கா பஞ்சம் என்று நானும் இறங்கிவிட்டேன், மூன்று தடவை செய்தும் சரியாக வரவில்லை. மைதாவைப் பச்சைத் தண்ணீரில்தான் பிசைந்தேன். முதல் தடவை எண்ணெய்ச் சட்டியில் முழுதாகப் போட்டுப் பொரித்தேன், மேல்தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் கடிக்க முடியாமல் போனது, உள்ளே இறால் ரப்பர் மாதிரி. அடுத்த இரண்டு தடவை தோசைக்கல்லில் வைத்தேன். கரண்டி போட்டு எடுக்கப் போனால் அடித்தோல் கல்லோடு போய்விடுகிறது, கோஸ் விட்ட தண்ணீர் எல்லாம் கல்லில் ஓடுகிறது. பூரணம் இறால், முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், இஞ்சி, சோயா சாஸ், நல்லெண்ணெய். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரோடு வேலை பார்த்த நண்பர் குடும்பத்தோடு வருகிறார், அதற்குள் எனக்கு இது கைவர வேண்டும்.

தொண்டி அண்ணன்:
தங்கச்சி, நான் சீன உணவகத்து அடுப்படியில் ஆறு வருடம் நின்றவன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது குவோதியே. சட்டியில் ஒட்டுவது என்றுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம், அதனால் ஒட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், ஒட்டி முறுகியபின் அதுவாகவே விட்டுவிடும்.

முதலில் மாவு. பச்சைத் தண்ணீர் மாவு வேகவைக்கிற டம்ப்ளிங்குக்கு. கல்லில் வைப்பதற்குச் சுடுதண்ணீர் மாவுதான். கால் கிலோ மைதாவுக்கு 140 மில்லி அளவு தண்ணீர், கொதித்து இறக்கி ஒரு நிமிடம் விட்டு ஊற்றி, கரண்டிக்காம்பால் கிளறிவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் பிசையுங்கள். கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறுகிறோமே, அதே காரணம்தான், மாவு பாதி வெந்துவிடுவதால் இழுவை குறைந்து மெத்தென்று வரும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். இதில் 28 அப்பளம் வரை தேய்க்கலாம். நடு கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும், ஓரம் மெல்லிசாக.

அடுத்து தண்ணீர், உங்கள் தொல்லைக்கு முக்கால் பங்கு காரணம் அதுதான். கோஸைப் பொடியாக நறுக்கி உப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் வைத்து, வெள்ளைத்துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள், அரை டம்ளர் தண்ணீராவது இறங்கும். இறால் அரைக் கிலோ வாங்கினால் உரித்துக் கால் கிலோ நிற்கும். முதுகு நரம்பை எடுத்துவிட்டு, கழுவியபின் துணியால் ஒற்றி எடுங்கள். பாதியைக் கத்தியால் நசுக்கிக் கூழாக்குங்கள், பாதியைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கினால் போதும். முதலில் உப்பு மட்டும் போட்டு, ஒரே பக்கமாகச் சுற்றிக் கிளறுங்கள், கையில் பசை மாதிரி ஒட்டும்வரை. அந்தப் பசைதான் பூரணத்தைச் சேர்த்துப் பிடிக்கும். அப்புறம் ஒரு ஸ்பூன் சோள மாவு, வெள்ளை மிளகுத்தூள், கொஞ்சம் எண்ணெய், கோஸும் வெங்காயத்தாளும் கடைசியில். அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள்.

கல்லை நன்றாகக் காயவிட்டு, இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் வரிசையாக அடுக்குங்கள். அடி லேசாகச் சிவந்ததும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி உடனே மூடுங்கள், தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். ஆறு நிமிடம். மூடியைத் திறக்கும்போது தண்ணீர் சளசள என்று கொதிக்கும், அது வற்றி எண்ணெய் மட்டும் நின்றதும் சத்தம் மாறிப் படபடவென்று கேட்கும். அதன்பிறகு ஒன்றரை நிமிடம் தொடவே கூடாது. நீங்கள் அவசரப்பட்டுக் கரண்டி போடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கல் குழிவாக இருந்தால்தான் தண்ணீர் நிற்கும், தட்டைக்கல் என்றால் வாணலியில் செய்யுங்கள்.

கீழக்கரை லாத்தா:
அண்ணன் சொன்னது முழுக்கச் சரி, நான் கொஞ்சம் சேர்க்கிறேன். சீனர் கடையில் இறாலோடு பன்றிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கிப் போடுவார்கள், அந்தச் சாறு அதில்தான் வருகிறது. நாங்கள் அது சேர்ப்பதில்லை என்பதால் இரண்டு ஸ்பூன் எண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றுவேன், இறால் வறண்டுபோகாது. சோமாசு மடிக்கத் தெரிந்த கைக்கு இந்த மடிப்பு ஒன்றுமே இல்லை, ஒரு பக்கத்தை மட்டும் கொசுவம் மாதிரி மடித்து மறுபக்கத்தோடு அழுத்தினால் தானாகவே பிறை மாதிரி வளைந்து உட்காரும். காற்று உள்ளே நிற்காமல் பூரணத்தை ஒட்டி அழுத்துங்கள், காற்று இருந்தால்தான் வெடிக்கும்.

நல்லெண்ணெய் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறோம். சீனர்கள் எள்ளைச் சிவக்க வறுத்து எடுத்த எண்ணெய் ஊற்றுவார்கள், நம் செக்கெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டியது, அந்த வாசனை வராது. ஒரு ஸ்பூன் எள்ளை வறுத்து நுணுக்கிப் பூரணத்தில் போடுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். தொட்டுக்கொள்ள அவர்களுடையது அரிசியைப் புளிக்கவைத்து எடுத்த கறுப்பு வினிகர். நான் சாதா வினிகரில் சாயல்குடி கருப்பட்டி ஒரு துண்டு கரைத்து, சோயா சாஸ் சேர்த்துக்கொள்கிறேன். மிளகாய் எண்ணெய்க்கு நம் குண்டு மிளகாயை விட்டால் வேறு எது? 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கொரகொரவென்று பொடித்து, புகை அடங்கிய சுடு எண்ணெயை மேலே ஊற்றுங்கள். என் அம்மா வீடு பெரியபட்டினம், மண்ணுக்குள்ளிருந்து பழைய சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த ஊர், இந்தப் பலகாரம் அங்கே பிடித்துப்போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மண்டபம் தம்பி:
இறால்தான் வேண்டும் என்று இல்லை அக்கா. சீனாவில் ஷான்தோங் கடற்கரைப் பக்கம் நம் சீலா (வஞ்சிரம்) இனத்து மீனில்தான் டம்ப்ளிங் செய்கிறார்கள், பெரும்பாலும் வேகவைத்து. தோலில் இருந்து சதையை ஸ்பூனால் வழித்து, முள் பார்த்து, இஞ்சி தட்டிப் போட்ட குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரே பக்கமாக அடித்தால் கால் கிலோ சதை அரை டம்ளர் தண்ணீர் வரை குடிக்கும், பஞ்சு மாதிரி வரும். நான் கல்லிலும் வைத்துப் பார்த்தேன், பிரமாதம். ஊசிக்கணவாய் மட்டும் தனியாக வைக்காதீர்கள், சுருங்கித் தண்ணீர் விட்டு உள்ளே வெற்றிடமாகிவிடும், இறாலோடு கால் பங்கு கலந்தால் போதும்.

பாம்பன் மருமகள்:
நேற்று செய்துவிட்டேன். கோஸைப் பிழிந்தபோது வந்த தண்ணீரைப் பார்த்து அதிர்ந்துபோனேன், இதையெல்லாம் உள்ளே வைத்தா மடித்தேன்! சத்தம் மாறுகிற வரை காத்திருந்து, கரண்டியை நுழைத்தேன், ஆறும் ஒட்டாமல் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வந்தது. அடி தோசை நிறம், மேலே கண்ணாடி மாதிரி, உள்ளே இறாலின் சிவப்பு தெரிகிறது. அவர் பேசாமல் எட்டு சாப்பிட்டார். கருப்பட்டி வினிகரை என் மாமியார் தனியாகக் கேட்டு வாங்கினார். ஒரு சந்தேகம், சனிக்கிழமையே மடித்து வைக்கலாமா? ஏப்ரல் 15க்கு மேல் தடைக்காலம், விசைப்படகு போகாது, இறால் கிடைக்கும்போதே நிறையச் செய்து வைத்துக்கொள்ளவும் ஆசை.

தொண்டி அண்ணன்:
சாதா பிரிட்ஜில் வைத்தால் தோல் நனைந்து தட்டோடு ஒட்டிவிடும். மாவு தூவிய தட்டில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் வையுங்கள், கல் மாதிரி இறுகியதும் கவரில் போட்டுக் கட்டிவிடலாம், ஒரு மாதம் இருக்கும். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே கல்லில் வைத்து, தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றி ஒன்பது நிமிடம் மூடுங்கள். இறாலை மட்டும் ஐஸ் உருகிய பெட்டியில் வாங்காதீர்கள், விடிகாலை கரைக்கு வந்ததை வாங்கி அன்றைக்கே மடித்துவிடுங்கள்.