பில் ஃபாஸ்டர்: கல்லூரி வேலை அவருக்கு ஆறுதல் பரிசா?

கரிசல்மண்:
அமெரிக்காவில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கெனத் தனியாக இருந்த பேஸ்பால் லீக்கான நீக்ரோ லீக் கண்ட இடக்கை பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) பில் ஃபாஸ்டருக்கு மேல் ஆளில்லை என்பேன். 1926-ல் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் பட்டப் போட்டிக்குப் போக, ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்தாக வேண்டும். இரண்டிலும் பந்து வீசியது ஃபாஸ்டர்தான். எதிரே கான்சாஸ் சிட்டியின் புல்லட் ரோகன், அவரும் இரண்டிலும் வீசினார். முடிவு 1-0, 5-0, இரண்டும் சிகாகோவுக்கு. அப்பேர்ப்பட்டவர் 1960-ல் மிசிசிப்பியின் ஆல்கார்ன் கல்லூரிக்கு பேஸ்பால் கோச்சாகப் போனார். எவ்வளவு பெரிய வித்தை, எந்த மூலையில் போய் ஒடுங்கியது!

வைகறை:
மூலையா? அவர் வளர்ந்தது பக்கத்து ராட்னியில், தாய்வழித் தாத்தா பாட்டி வீட்டில். படித்ததும் ஆல்கார்னில்தான். கோச் மட்டுமல்ல, ஆண் மாணவர்களுக்கு டீனும் அவரே. அதே கல்லூரியில் படித்த, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மெட்கர் எவர்ஸை 1963-ல் ஜாக்சனில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்த மிசிசிப்பியில் கறுப்பினப் பையன்களுக்குப் பொறுப்பேற்று நின்றவரைப் பார்த்து 'ஒடுங்கினார்' என்கிறீர்களே, வலிக்கிறது.

கரிசல்மண்:
அவர் செய்த வேலையை நான் குறை சொல்லவே இல்லை, நண்பரே. 1960-ல் பெரிய லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்) அணிகளில் கறுப்பினக் கோச் ஒருவர்கூடக் கிடையாது. முதல் கறுப்பினக் கோச்சாக பக் ஓநீலை சிகாகோ கப்ஸ் எடுத்தது 1962-ல். முதல் கறுப்பின மேனேஜர் ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975-ல். போக வேறு இடமே இல்லாதவர் போன இடத்தை அவர் விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

தென்றல்77:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1920-ல் நீக்ரோ லீக்கைத் தொடங்கிய ரூப் ஃபாஸ்டர் இவருக்கு ஒரே அப்பாவுக்குப் பிறந்த அண்ணன். வாய்ப்புக் கேட்ட தம்பியை முதலில் திருப்பி அனுப்பினார். தம்பி மெம்பிஸில் பேர் வாங்கியதும் சிகாகோவுக்கு இழுத்துக்கொண்டார். எங்கே ஆடுவது என்பதே தம்பி கையில் இருந்ததில்லை. ஆல்கார்ன் அவராகத் திரும்பிய இடம்.

வைகறை:
அதைத்தான் சொல்கிறேன். 1978-ல் இறப்பதற்குச் சற்று முன்புவரை அங்கேயே இருந்தார். பேஸ்பால் புகழரங்கம் (ஹால் ஆஃப் ஃபேம்) 1996-ல்தான் அவரைச் சேர்த்தது. ஆல்கார்ன் அவரை அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே அடையாளம் கண்டுவிட்டது.

கரிசல்மண்:
ஆல்கார்னுக்கு என் வணக்கம். ஆனால் பெரிய லீக் அணி ஒன்று கூப்பிட்டு, அவர் 'வேண்டாம், எனக்கு ஆல்கார்ன் போதும்' என்றிருந்தால் மட்டுமே உங்கள் கட்சியை ஏற்பேன்.