இளம் வக்காவா, தோசிக் கொக்கா? உதவி தேவை

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் எடுத்த கொக்கு வகைப் பறவை ஒன்றின் படம் இது. மடையான் (குளக்கொக்கு) இல்லை, அதற்குப் பறக்கும்போது இறக்கை வெள்ளையாகத் தெரியும், இது பறந்தபோது இறக்கையில் வெள்ளையே தெரியவில்லை. வக்கா (இராக்கொக்கு, Night Heron), தோசிக் கொக்கு (Striated Heron) இரண்டில் எது என்பதில்தான் குழப்பம்.

இளம் வக்கா என்றால் பழுப்பு இறக்கை முழுக்கப் பெரிய நீர்த்துளி வடிவ வெண்புள்ளிகள் இருக்கும், அலகும் தடிமன். தோசிக் கொக்குக்குப் புள்ளிகள் பொடிசு, இறகு நுனியில் மட்டும் இருக்கும். அலகு ஒல்லியாக நீண்டிருக்கும், உச்சந்தலை கருமை. இந்தப் பறவைக்குப் புள்ளிகள் சிறியவைதான், ஆனால் அலகு தடித்துத் தெரிகிறது. தலை வேர்களின் நிழலில் மறைந்துவிட்டது. உருவத்தில் வக்கா நன்றாகவே பெரியது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறு பறவை இல்லை.

இரண்டையும் அருகில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன், இப்படிப் பாதி மறைந்த படத்தில் எதை நம்பலாம்? இளம் தோசிக் கொக்கின் பக்கவாட்டுப் படம் இருந்தால் அதையும் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.