தென்னைக்குக் கண் உண்டு என்று நம்பி மரத்தடியில் உட்காராதீர்கள்

தென்னைக்குக் கண் உண்டு, ஆள் தலையில் விழாது என்று எங்கள் பேராவூரணிப் பக்கம் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். தயவுசெய்து அதை நம்பிப் பிள்ளைகளை மரத்தடியில் விளையாட விடாதீர்கள்.

எங்கள் சித்தி கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். காற்றே இல்லாத மத்தியானம். காய்ந்த மட்டை ஒன்று கனமான அடிப்பக்கம் கீழாக வந்து தோளில் இறங்கியது. இரண்டு ஆள் நீளம் இருக்கும். தோள்பட்டை எலும்பில் விரிசல். தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

தேங்காய்க்குப் பயப்படுகிறோம், மட்டையை மறந்துவிடுகிறோம். நன்றாக இருக்கும் மரம் மாதம் ஒரு புது மட்டை விடும். அதே கணக்கில் பழுத்த மட்டை ஒன்று கழன்று வந்தே தீரும், புயல் வேண்டியதில்லை. முன்பு 45 நாளுக்கு ஒரு தடவை காய்வெட்டுக்கு ஏறுபவரே காய்ந்த மட்டை, பாளை, மட்டையடியில் வலை போல இருக்கும் பன்னாடை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் இறங்குவார். இப்போது வருகிறவர்கள் கீழே நின்று நீளக் கொக்கிக் கழியான துரட்டியால் காயை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மட்டை அப்படியே தொங்குகிறது. அதனால் நாங்கள் ஏறத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து, மரத்தின் உச்சிக் கொண்டையைச் சுத்தம் செய்வதற்கும் சேர்த்தே கூலி பேசிவிடுகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை கட்டாயம்.

காய் விழுவதற்கு எலியும் ஒரு காரணம். இளங்காய் உதிர்ந்து கிடந்தால் எடுத்துக் காம்புப் பக்கம் பாருங்கள். ஓட்டை இருந்தால் எலி வேலை. தண்டைச் சுற்றி உயரத்தில் வழவழப்பான தகரம் அடித்தால் எலி ஏறாது. பக்கத்து மரத்து மட்டை உரசினால் மட்டும் பயனில்லை, அது வழியாகத் தாவி வந்துவிடும்.

2018 கஜா புயலில் சாய்ந்த பக்கத்து வீட்டு மரம் ஒன்று எங்கள் ஓட்டுக் கூரைக்கு நேரே நின்றது. தோப்பே போனவருக்கு மிஞ்சிய மரம், வெட்டு என்று எப்படிச் சொல்வது? பேசி, எதிர்ப்பக்க மரத்தோடு கம்பி போட்டு இழுத்துக் கட்டினோம். கம்பி தண்டை அறுக்காமல் இருக்க அடியில் பழைய டயர்த் துண்டு. பேச்சுக்கு ஒத்துவராதவர் என்றால், விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133, புதியதில் 152.

அடுத்து, வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலே நைலான் வலை கட்ட நினைக்கிறோம். கட்டியவர்கள் இருந்தால், வெயிலில் எத்தனை வருடம் தாங்குகிறது, மட்டை விழுந்தால் கிழிகிறதா என்று சொல்லுங்கள்.