பட்டன் போனுக்கு எதற்கு டேட்டா? வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் வீட்டு எண்கள் எல்லாம் ஒரே போஸ்ட்பெய்ட் குடும்பக் கணக்கில் இருக்கின்றன. அம்மா வைத்திருப்பது பட்டன் போன். பேசுவார், சிலிண்டர் பதிவு செய்வார், வங்கி ஓடிபி வரும், அவ்வளவுதான். ஆனாலும் அவருடைய எண்ணுக்கும் டேட்டாவைச் சேர்த்தே மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். அதை நீக்கச் சொன்னால், குடும்பத் திட்டத்தில் அந்த வசதி இல்லையாம். தொடாத பொருளுக்கு மாதாமாதம் காசு கொடுப்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜை நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. சிறப்பு ரீசார்ஜ் வவுச்சர்களின் உச்ச காலவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. நல்ல விதிதான், ஆனால் அந்த ரீசார்ஜ் ப்ரீபெய்டுக்கானது.

அதனால் அம்மாவின் எண்ணை மட்டும் பிரித்து ப்ரீபெய்டுக்கு மாற்ற நினைக்கிறேன். இப்படி மாற்றியவர்கள் சொல்லுங்கள்: இடையில் ஓடிபி வருவது தடைப்பட்டதா? மற்ற எண்களின் கட்டணம் ஏறியதா? சிம் மாற்ற வேண்டியிருந்ததா? அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரைக் கடை வரை அழைத்துப் போகாமல் முடிக்க வழியுண்டா என்பதுதான் எனக்கு மிக முக்கியம்.