மேற்படிப்பும் வாடகை அறையும்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிகழ்வு (திருகோணமலை அனுபவப் பகிர்வு)

சாம்பல்தீவிலிருந்து:

நான் ஆசிரியை. சம்பளத்தை விடாமல் படிக்க வேண்டியிருந்ததால் பேராதனையில் வார இறுதி முதுமாணிக் கற்கையைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்ததும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று கண்டி பஸ்ஸில் போய், ஞாயிறு இரவு திரும்பும் ஓட்டம் இங்கே பலருக்குப் பழக்கமானது. வாரத்தில் இரண்டு இரவுகள் மட்டுமே தங்கும் அறைக்கு முழு மாத வாடகையும் மூன்று மாத முற்பணமும் கொடுத்திருந்தேன். கற்கைக் கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம் என்பதால் சமாளித்தேன். மகாபொல புலமைப்பரிசில் போன்ற உதவி இளமாணிப் பட்டத்தோடு முடிந்துவிடுகிறது; அதன்பின் நம் கைப்பணம்தான்.

பரீட்சைக்கு முதல்நாள் பஸ் நாவுலவுக்கு அருகில் பழுதாகி நின்றது. மாற்று பஸ் வந்து கண்டியை அடைந்தபோது நள்ளிரவு கடந்து ஒரு மணி. முச்சக்கரவண்டியில் அறை இருந்த வீட்டுக்குப் போய்க் கேற்றைத் தட்டினேன். என் கைப்பேசி அணைந்து போயிருந்தது. முன்னறையில் விளக்கு எரிந்தது. “அம்மா, நான்தான், திருகோணமலைப் பிள்ளை” என்று கூப்பிட்டேன். திரைச்சீலை விலகியது, அந்த அம்மாவின் முகம் தெரிந்தது, அவர் என்னைப் பார்த்தார். அதன்பின் விளக்கு அணைந்தது.

நல்லவேளையாக வண்டிக்காரர் போகாமல் நின்றிருந்தார். அவரே என்னைத் திரும்ப மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு அழைத்துச் சென்று, பஸ் சாரதிகள் தேநீர் குடிக்கும் கடையில் உட்கார வைத்தார். விடியும்வரை குறிப்புகளைப் படித்தேன், காலையில் பரீட்சை எழுதினேன், சித்தியும் அடைந்தேன். ஆனால் அந்த அம்மா என்னை அடையாளம் கண்டாரா, இல்லையா என்ற கேள்வி ஐந்து வருடங்களாக என்னோடு இருக்கிறது. மறுநாள் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிண்ணியாவிலிருந்து:

தங்கச்சி, உங்கள் வேதனை விளங்குகிறது. ஆனாலும் நள்ளிரவில் தனியாக இருக்கும் ஒரு வயதான பெண் கதவைத் திறக்காததைக் குற்றமாக எழுதுவது நியாயமாகப் படவில்லை. இருட்டில் ஒரு முச்சக்கரவண்டியும் ஒரு ஆணின் உருவமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

என் நிகழ்வு வங்கியில் நடந்தது. இங்கிலாந்தில் ஒரு வருட முதுமாணிக்கு அனுமதி கிடைத்து, கட்டணத்தின் முற்பணத்தையும் அனுப்பியிருந்தேன். விசாவுக்கு மீதிக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரியும். வாப்பா மூதூர்ப் பக்கத்து வயல் ஒன்றை விற்பதற்குப் பேசி முடித்திருந்தார். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாயளவில் நின்றது, பவுணும் கூடவே ஏறியது. நாங்கள் வங்கிக்குப் போன நாளில் அந்த அதிகாரி எதுவும் பேசாமல் கணக்கிட்டு, கல்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். வாப்பா கண்ணாடியைப் போட்டு அந்த எண்ணை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார், “வாங்க மகன், வீட்டுக்குப் போவோம்” என்றார். வயல் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அறுவடை நாட்களில் அந்த வரம்பில் நடக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிதான் நினைவுக்கு வருகிறது.

நிலாவெளியில் பிறந்து இப்போது அமெரிக்காவில் இருப்பவர்:

கிண்ணியாச் சகோதரரின் பதிவை வாசித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வந்திறங்கிய முதல் ஆறு வாரங்கள் ஒரு சிங்கள நண்பரின் கூடத்தில், தரையில் படுத்தேன். உதவித்தொகை உறுதி என்று கடிதம் இருந்தும் கையில் பணம் இல்லை. ஒருநாள் காலை அவருடைய சிறிய மகள் தன் போர்வையைக் கொண்டுவந்து என்மேல் போட்டுவிட்டுப் போனாள். நான் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

இனி வருபவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம் அனுமதி மட்டும் தருகிறது, பெயர் குறைந்த ஒன்று கற்பித்தல் உதவியாளர் பதவியோடு கட்டண விலக்கும் தருகிறது என்றால், தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். ஆனால் கடிதத்தை வரிவரியாக வாசியுங்கள். கொடுப்பனவு ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது மாதம் என்றால் கோடையில் வருமானம் இல்லை. வீட்டு ஒப்பந்தமோ பெரும்பாலும் பன்னிரண்டு மாதத்துக்கு எழுதப்படும். கட்டண விலக்கு என்று எழுதியிருந்தாலும் மாணவர் கட்டணங்களும் சுகாதாரக் காப்புறுதியும் அதில் அடங்குமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஓகஸ்ட் நடுவில் வந்தால் முதற்சம்பளம் செப்டெம்பர் கடைசியில் வரலாம். அதற்குள் முதல் மாத வாடகையும் வைப்புப் பணமும் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குள் வேலை செய்வதற்கும் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி என்ற எல்லை உண்டு. கொடுக்கப்பட்ட உதவியாளர் பதவியே பெரும்பாலும் அதை நிரப்பிவிடும்.

இன்னொன்று. நிதி உதவியோடு அனுமதி வந்ததும், இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். ஏப்ரல் 15ஆம் திகதிக்கு முன் மாணவரை முடிவெடுக்கக் கட்டாயப்படுத்துவதில்லை என்ற பொது உடன்பாட்டில் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மரியாதையாக அவகாசம் கேளுங்கள். நான் கேட்கவில்லை; முதலில் வந்ததையே பிடித்துக்கொண்டேன்.

மூதூரிலிருந்து:

சாம்பல்தீவு ஆசிரியை எடுத்தது எந்த வகை முதுமாணி என்று எழுதவில்லை. பட்டங்களை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி ஒன்பதாம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது பத்தாம் மட்டம். முதலாவதற்கு 30 திறமைப்புள்ளிகள், இரண்டாவதற்கு 60. இந்த வேறுபாடு தெரியாமல் நான் குறுகியதை முடித்தேன். பின்னர் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, நேர்முகத்தில் இருந்த பேராசிரியர் என் சான்றிதழைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்து, “உங்கள் ஆய்வு எங்கே?” என்று கேட்டார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

உவர்மலையிலிருந்து:

இந்திய அரசின் புலமைப்பரிசில் கிடைத்துச் சென்னைக்குப் போனேன். கட்டணத்துக்கும் மாதச் செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் பணம் தருகிறார்கள், மொழியும் நம்முடையது, இனி என்ன கவலை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மாடி அறையைப் பார்த்து, முற்பணம் பேசி, வீட்டுக்காரர் சாவியை என் கையில் தந்துவிட்டார். அவருடைய மனைவி காபி கொண்டுவந்தார். பேச்சுவாக்கில், “நீங்க பேசுற தமிழ் அழகா இருக்கே, எந்த ஊர்?” என்று கேட்டார். திருகோணமலை என்றேன். கோணேஸ்வரம் இருக்கும் ஊர் என்று மகிழ்ச்சியாகவும் சொன்னேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்காரர் மட்டும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாவியைத் திருப்பித் தரச் சொன்னார். வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் உரிமையாளர் அதை அரசுக்கு அறிவிக்கும் சி படிவம் நிரப்ப வேண்டும், பொலிஸ் வந்து விசாரிக்கும் என்பது அவருடைய பயம். எனக்கோ 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியிருந்தது. பதிவதற்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். பதின்மூன்றாம் நாள் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தது.

சாவியைக் கொடுத்தபோது என் உள்ளங்கை வியர்த்திருந்தது. அவர் அதை வாங்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் எந்த எண்ணத்தில் துடைத்தார் என்று நான் அறியேன். ஆனால் எனக்கு இன்றும் வலிக்கிறது. கிண்ணியாச் சகோதரர் நியாயம் பேசுகிறார். கதவுக்கு வெளியே நின்றவருக்கு அந்த நியாயம் உதவாது.

அலஸ்தோட்டத்திலிருந்து:

நான் படித்தவள் அல்ல. மகன் தட்டச்சு செய்கிறான். கணவர் காலமானபின் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். ஆசிரியைப் பிள்ளையின் பதிவை மகன் வாசித்துக் காட்டியதிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை.

நானும் ஒரு தடவை கதவைத் திறக்கவில்லை. பதுளைப் பக்கத்துப் பையன், நல்ல பிள்ளை. அடுத்தநாள் வர வேண்டியவன், ஒரு நாள் முன்னதாக, நடுச்சாமத்தில் வந்து கூப்பிட்டான். குரலைக் கேட்டேன். அவன் குரல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலத்தில் இரவில் எங்கள் வாசலில் தட்டியவர்களின் நினைவு வந்து, கால் எழும்பவில்லை. விளக்கையும் நான்தான் அணைத்தேன். ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கப் போனபோது, பையைத் தலைக்கு வைத்துப் படியில் சுருண்டு கிடந்தான். எழும்பி, “மன்னிக்கோணும் அம்மா, நான் சொல்லாமல் வந்தது பிழை” என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். நான் தேநீர் கொடுத்தேன். இரவு கேட்டது எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

பிள்ளை, அந்த அம்மா உங்களை அடையாளம் கண்டிருப்பார். இப்போது என் வீட்டில் தங்க வரும் ஒவ்வொருவருக்கும் முற்பணம் வாங்கும் நாளிலேயே கேற்றுச் சாவியில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன்.

சாம்பல்தீவிலிருந்து:

அம்மா, அடுத்த மாதம் பட்டமளிப்புக்காகப் பேராதனைக்குப் போகிறேன். அந்த வீட்டின் பழைய தொலைபேசி இலக்கத்தை இன்று தேடி எடுத்து வைத்திருக்கிறேன். இம்முறை பகலில் போவேன்.