ஜிப்ஸி கிங்: 60 கி.மீ வேகத்தில் முன்சக்கரம் உதறுகிறது, வலது நக்கிளில் எண்ணெய்க் கசிவு. உதவுங்கள்

கோத்தகிரி_413

வணக்கம். என்னிடம் 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் இருக்கிறது. 1298 சிசி, கார்புரேட்டர் வண்டி, ஹார்டுடாப். ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஓடியது. வாங்கியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நானே சரிபண்ணிக்கொண்டு வருகிறேன். தினசரி ஓட்டத்துக்கு வேறு வண்டி உண்டு. இது ஞாயிற்றுக்கிழமை கீழே படுத்து வேலை பார்க்கவும், மழை விட்டதும் மண் ரோட்டில் ஃபோர் லோ (நாலு சக்கர இழுவை, மெதுவான கியர்) போட்டு மெதுவாக ஏறி இறங்கவும்தான்.

பழைய 205/70 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்ட பிறகு ஒரு பிரச்சினை. மலைப்பாதையில் ஒன்றும் தெரிவதில்லை, அங்கே 40ஐத் தாண்டுவதே அபூர்வம். மேட்டுப்பாளையம் இறங்கி அன்னூர் ரோட்டில் 55, 60 வரும்போது ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்திலோ பாலத்து ஜாயின்ட்டிலோ விழுந்தால் போதும், ஸ்டீயரிங் இடதும் வலதுமாக வெறி பிடித்த மாதிரி அடிக்கிறது. டேஷ்போர்டே ஆடுகிறது. 30க்குக் கீழே இறக்கினால்தான் அடங்குகிறது.

இன்னொன்று. வலது முன்சக்கரத்தின் உள்பக்கம், நக்கிள் (ஸ்டீயரிங்கோடு சக்கரம் திரும்பும் மூட்டு) உருண்டைக்குக் கீழே கறுப்பாகக் கசடு வழிகிறது. தொட்டு முகர்ந்தால் 90 நம்பர் கியர் ஆயில் வாடை. பிரேக் அழுத்தினால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

ஊர் மெக்கானிக் ஸ்டீயரிங் டாம்பர் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். மாற்றிவிடலாமா? வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் எதுவும் போடவில்லை, பட்டை (ஸ்பிரிங்) செட் கம்பெனி உயரம்தான்.

நாலுசக்கரம்

ப்ரோ, டயர் மாற்றிய பிறகுதானே வந்தது? முதலில் வீல் பேலன்ஸிங் பாருங்கள். காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? கார் டயருக்கு அடிப்பது போல 32 அடித்துவிட்டிருப்பார்கள். ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு இந்த அகல டயரில் அது அதிகம். 24, 26 வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு: 205/70ன் விட்டம் 668 மி.மீ, 235/75 போட்டால் 733. முள் 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் 66க்குப் பக்கத்தில் போகிறீர்கள்.

ஏற்காடு_மழை

எனக்கும் இதே மாதிரி இருந்தது. டாம்பர் மாற்றினேன், சுத்தமாக நின்றுவிட்டது. மாற்றிவிடுங்கள்.

பட்டறை_அண்ணாச்சி

தம்பி, டாம்பர் வாங்குறத கொஞ்சம் தள்ளி வைங்க. டாம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், ஆட்டம் எங்க பிறக்குதோ அதைச் சரிபண்ணாது. புது டாம்பர் போட்டா ஆறு மாசம் ஒண்ணும் தெரியாது. அந்த ஆறு மாசமும் உள்ள இருக்கிற பேரிங் தேஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அப்புறம் திரும்பி வரும்போது இன்னும் மோசமா வரும்.

நீங்க சொன்ன ரெண்டு கோளாறும் ஒரே இடத்தைக் காட்டுது. நக்கிள்.

வீட்டிலேயே பாக்கலாம். பின்சக்கரத்துக்குக் கட்டை வைங்க. முன்னாடி ஜாக்கி போட்டு, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி கைய உள்ள விடாதீங்க. இப்போ சக்கரத்தை மேலயும் கீழயும், அதாவது கடிகாரத்துல 12, 6 இருக்கிற இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா வீட்ல யாரையாவது பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் பிடிச்சதும் ஆட்டம் போயிட்டா அது வீல் பேரிங். பிரேக் பிடிச்ச பிறகும் ஆடினா கிங்பின், அதாவது நக்கிள் திரும்புற அச்சு.

அடுத்து சக்கரத்தைத் தரையில இறக்கி வச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணி, ஒருத்தரை ஸ்டீயரிங்கைச் சின்னதா இடம் வலமா ஆட்டச் சொல்லுங்க. நீங்க கீழே படுத்துக்கிட்டு, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டிராக் லிங்க், டை ராடு எண்டு ஒவ்வொண்ணா கை வச்சுப் பாருங்க. கை வச்சா தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸ்ல உக்கார்ற இடத்துல விரிசல் இருக்கான்னும் பாருங்க. பட்டையோட யூ போல்ட் நாலையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாத்துடுங்க.

பாத்துட்டு எழுதுங்க. அதுவரைக்கும் 45க்கு மேல போகாதீங்க. உதறல் வந்தா ஸ்டீயரிங்கோட மல்லுக்கு நிக்க வேண்டாம், சடார்னு பிரேக்கும் அடிக்க வேண்டாம். ரெண்டு கையாலயும் நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் விடுங்க.

ஆனைமலை

அண்ணாச்சி சொன்னதை அப்படியே செய்யுங்க. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். ஆக்ஸில் ஹவுசிங் மேல சின்னதா ஒரு பிரீதர், அதாவது காத்து போற துளை, இருக்கும். எஸ்டேட் வண்டியில அது சேறு ஏறி அடைச்சுத்தான் இருக்கும். அடைச்சா, ஓடி சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, டிஃபரன்ஷியல் ஆயில் ஆக்ஸில் ஷாஃப்ட்டோட ஆயில் சீலைத் தாண்டி நக்கிளுக்குள்ள வந்துடும். அங்க இருக்கிற கிரீஸை இளக்கி வெளியே கொண்டுவரும். வெளி சீலை மட்டும் மாத்தினா மறுபடியும் வழியத்தான் செய்யும்.

வண்டி இடது பக்கம் இழுக்கிறதுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்ங்க. வலது டிஸ்க்குல எண்ணெய் பட்டிருந்தா அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது, பிடிக்கிற பக்கம் வண்டி திரும்பும்.

தார் ரோட்டுல ஃபோர் ஹை (நாலு சக்கர இழுவை, சாதாரண கியர்) போட்டு ஓட்டுறீங்களா? முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற சென்டர் டிஃபரன்ஷியல் ஜிப்ஸியில கிடையாது. காஞ்ச தார்ல அப்படி ஓட்டினா முன் ஆக்ஸில் சாமான் அத்தனைக்கும் திருகல் ஏறும்.

கோத்தகிரி_413

இல்லைங்க, மண் ரோடு வந்த பிறகுதான் இறங்கி ஹப்பை லாக் பண்ணுவேன். தாரில் எப்போதும் டூ ஹை (பின்சக்கர இழுவை மட்டும்)தான்.

சோதனை செய்துவிட்டேன். காற்று 34 இருந்தது, 25க்கு இறக்கி பேலன்ஸிங்கும் செய்தேன். உதறல் குறைந்தது, போகவில்லை. டை ராடு எண்டுகள் நன்றாக இருக்கின்றன. வலது சக்கரம் 12, 6ல் ஆடுகிறது. தம்பியை பிரேக் அழுத்தச் சொன்னேன், அப்போதும் அதே ஆட்டம். சக்கரத்துக்குப் பின்னால் கண் வைத்துப் பார்த்தால் நக்கிளே உருண்டைமேல் மேலும் கீழும் அசைவது தெரிகிறது. பிரீதரின் மூடி மண்ணோடு மண்ணாக இறுகிப்போய் இருந்தது.

கிங்பின்னுக்குக் கீழே ஷிம் (மெல்லிய தகடு) இருக்குமாமே, அதில் ஒன்றை எடுத்துவிட்டு இறுக்கினால் போதும் என்று மெக்கானிக் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பட்டறை_அண்ணாச்சி

பேரிங் நல்லா இருந்தா செய்யலாம். உங்க வண்டிக்கு அது சரிப்படாதுன்னு நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

கிங்பின்ல மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, கூம்பு ரோலர் பேரிங். வீல் பேரிங் மாதிரி அது சுத்திக்கிட்டே இருக்கிறது இல்ல. வண்டி நேரா போற நேரம் பூரா ரோலர் எல்லாம் கப்புல (பேரிங்கோட வெளி வளையம்) ஒரே இடத்துல உக்காந்து அடி வாங்கும். வருஷக்கணக்கா அடி வாங்கினா கப்புல ரோலர் உக்கார்ற இடத்துல வரிவரியா பள்ளம் விழுந்துடும். அதுலயும் எண்ணெய் புகுந்து கிரீஸ் கழுவிப்போன பேரிங்னா கேக்கவே வேண்டாம். அந்த நிலைமையில ஷிம்மை எடுத்து இறுக்கினா ரோலர் பள்ளத்துக்குள்ள போய் மாட்டிக்கும். உதறல் நிக்கும், ஆனா ஸ்டீயரிங் நடுவுல கடக் கடக்னு பிடிக்கும், வளைவு முடிஞ்சு தானா திரும்பாது. மலை ரோட்டுக்கு அது ஆபத்து.

அதனால பிரிச்சுடுங்க. காலிப்பர், டிஸ்க்கு, ஹப், ஸ்பிண்டில் கழட்டி, ஆக்ஸில் ஷாஃப்ட்டை நேரா வெளிய இழுங்க. கழட்டின காலிப்பரை கம்பி போட்டுத் தூக்கிக் கட்டுங்க, பிரேக் ஹோஸ்ல தொங்க விடாதீங்க. கிங்பின்னை எடுக்கும்போது மேல இருந்த ஷிம் எது, கீழ இருந்தது எதுன்னு தனித்தனியா கவர்ல போட்டு எழுதி வைங்க. நக்கிளை இழுத்தா கீழ் பேரிங் பொத்துனு விழும், கைய கீழே வச்சுக்கங்க. பேரிங்கைத் துடைச்சு கப்பை வெளிச்சத்துல பாருங்க. நகத்தால தடவினா பள்ளம் தட்டுப்படும்.

பேரிங் வாங்கும்போது அதுமேல வெட்டியிருக்கிற நம்பரைச் சொல்லி பேரிங் கடையிலயே கேளுங்க. கூடவே ஷாஃப்ட்டோட உள் ஆயில் சீல், உருண்டைக்குப் பின்னாடி வர்ற சீல் செட்டு, ரெண்டையும் வாங்கிடுங்க. ஸ்பிண்டிலுக்குள்ள ஒரு வெண்கல புஷ் இருக்கும், தேஞ்சிருந்தா அதையும்.

கோத்தகிரி_413

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. கீழ்க் கப்பில் ஒரு பக்கம் முழுக்க வரிகள். நகம் மாட்டுகிறது. மேல்கப்பு பரவாயில்லை, ஆனால் நிறம் நீலமாக மாறியிருக்கிறது. நக்கிளுக்குள்ளிருந்து அரை டம்ளருக்கு மேல் ஆயில் கொட்டியது. டிஃபரன்ஷியல் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டால் எண்ணெய் எட்டவே இல்லை.

எவ்வளவு இறுக்கம் வைப்பது என்று எப்படித் தெரியும்? கை அளவாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள்.

பட்டறை_அண்ணாச்சி

கணக்கு இருக்கு. மீன் கடையில வச்சிருப்பாங்கல்ல, கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு, அது ஒண்ணு போதும். புது பேரிங், புது கப் போட்டு நக்கிளை மாட்டுங்க. ஷாஃப்ட், பின் சீல், டை ராடு எதையும் மாட்டாதீங்க, நக்கிள் மட்டும் தனியா இருக்கணும். டை ராடு மாட்டுற ஓட்டையில கொக்கியைப் போட்டு, அந்த ஓட்டை இருக்கிற நக்கிள் ஆர்முக்குச் செங்குத்தா இழுங்க. நக்கிள் அசைய ஆரம்பிக்கிற நொடியில தராசு 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவுல காட்டணும். கம்மியா இருந்தா ஷிம்மைக் குறைங்க, அதிகமா இருந்தா சேருங்க. சீல் மாட்டின பிறகு அளந்தா சீலோட உரசலும் சேர்ந்து தப்பா காட்டும்.

அதுக்கப்புறம் உள் ஆயில் சீலை நேரா, சாயாம தட்டி உக்கார வைங்க. ஷாஃப்ட்டை உள்ள விடும்போது சீல் உதட்டைக் கீறிடாம தாங்கிப் பிடிச்சு விடணும். பாதி சீல் இந்த இடத்துலதான் கெடுது. உருண்டையோட வெளிப்பரப்புல துரு புள்ளி இருந்தா நைஸ் எமரி போட்டுத் தேச்சு வழவழப்பாக்குங்க, இல்லன்னா புது சீலை அது அறுத்துடும். ஷாஃப்ட் ஜாயின்ட்டுக்கு கிரீஸ் நல்லா ஏத்துங்க, நக்கிள் அறையை முழுசா அடைக்க வேண்டாம். டிஃபரன்ஷியல் ஆயில் ஃபில்லர் ஓட்டை விளிம்பு வரைக்கும் நிக்கணும்.

எண்ணெய் ஊறின பிரேக் பேடைக் கழுவிப் போடாதீங்க, புதுசு போடுங்க. ரெண்டு பக்கமும்.

ஏற்காடு_மழை

அப்போ நான் மாற்றிய டாம்பர்? வண்டி இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது.

பட்டறை_அண்ணாச்சி

நீங்களும் ஒருதடவை ஜாக்கி போட்டு 12, 6ல ஆட்டிப் பாத்துடுங்க தம்பி. ஆட்டம் இல்லன்னா உங்களுக்கு டாம்பர்தான் போயிருக்கு, சந்தோஷம். இருந்தா இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது.

கோத்தகிரி_413

முடித்துவிட்டேன். ஆனைமலை அண்ணன் போனில் சொன்னபடி இடது பக்கத்தையும் பிரித்தேன், அங்கேயும் கீழ்க் கப்பில் வரி விழ ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கமும் புது பேரிங். பிரீதரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, ஊதினால் காற்று போகும்படி செய்து மாட்டினேன். பிறகு வீல் அலைன்மென்ட்டில் டோ (முன்சக்கரங்கள் உள்ளே வெளியே சாயும் அளவு) மட்டும் சரிசெய்தார்கள்.

பழைய டாம்பரைக் கழற்றி வைத்துவிட்டு, விடிகாலையில் ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அதே பாலம், அதே ஜாயின்ட். முள் 60ல் இருந்தது. சக்கரம் விழுந்த சத்தம் கேட்டது, ஸ்டீயரிங்கில் ஒரு தட்டு, அவ்வளவுதான். பிரேக்கும் நேராகப் பிடிக்கிறது. டாம்பரைத் திரும்ப மாட்டிவிட்டேன். தண்டை இழுத்துத் தள்ளினால் இரண்டு பக்கமும் ஒரே சீராக இறுக்கம் இருக்கிறது, கசிவும் இல்லை.

எனக்குப் பெரிய சந்தோஷம் என்னவென்றால், வளைவில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருகிறது. இந்த வண்டி இப்படி ஓடும் என்றே எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் ஆனைமலை அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.

ஒரே சந்தேகம்: வலது உருண்டையில் மெல்லிசாக கிரீஸ் படலம் தெரிகிறது. சீல் சரியாக உட்காரவில்லையா?

பட்டறை_அண்ணாச்சி

படலம் இருக்கணும், அதுதான் உருண்டையைத் துரு பிடிக்காம காக்குது. சொட்டா நின்னாலோ கியர் ஆயில் வாடை வந்தாலோதான் கவலைப்படணும். 500 கி.மீ ஓடின பிறகு கிங்பின் போல்ட்டையும் வீல் பேரிங் ஆட்டத்தையும் ஒருதடவை பாத்துடுங்க.

ஆனைமலை

தராசு ரெண்டு பக்கமும் எவ்வளவு காட்டுச்சுங்க? அடுத்த வாரம் என் வண்டியைப் பிரிக்கப்போறேன்.

கோத்தகிரி_413

வலது 1.5, இடது 1.4. இடது பக்கம் முதலில் 2க்கு மேல் காட்டியது, மேலே ஒரு மெல்லிய ஷிம் சேர்த்த பிறகு இறங்கியது. தராசு என்னிடமே இருக்கிறது, வேண்டுமென்றால் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.