புதுப்பிப்பு: ஃபைபர் படகில் ரேடியோ கரகரப்பு நின்றது

போன மாதம் கேட்டிருந்தேன்: அமராவதி அணையில் ஓட்டும் எங்கள் ஃபைபர் படகில் கார் ஸ்டீரியோ மாட்டியும் கோடை பண்பலை 100.5 ஒரே கரகரப்பாக வருகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

முதலில் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் வாங்கிப் போட்டேன், பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கூடியதுதான் மிச்சம். அப்புறம் பல்லடத்து அண்ணன் சொன்னதுதான் பலித்தது. கார் ஆன்டெனாவுக்குக் காரின் தகரம்தான் பாதி வேலை செய்கிறது, ஃபைபரில் அது கிடையாது, அதனால் இருமுனை ஆன்டெனா கட்டச் சொன்னார். கோஆக்சியல் கேபிளின் (டிவிக்கு வரும் கேபிள் மாதிரி, நடுவில் கம்பி, சுற்றி உலோக வலை) நடுக் கம்பியில் 71 செ.மீ. செம்புக் கம்பி, வெளிவலையில் இன்னொரு 71, இரண்டையும் பிவிசி குழாயில் மேலும் கீழுமாக நிறுத்தி, இணைப்பில் தண்ணீர் இறங்காமல் சிலிகோன் பசை பூசினேன். இப்போது கரையிலிருந்து நடு அணை வரைக்கும் பேச்சு தெளிவாகக் கேட்கிறது.

எதிர்பாராதது ஒன்று. என்ஜினை நிறுத்தினாலும் லேசாக ஒரு சீறல் இருந்தது. பேட்டரியில் மாட்டியிருந்த செல்போன் சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விட்டது. மலிவு சார்ஜர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் பிரிப்பதற்கு முன் அதைக் கழற்றிப் பாருங்கள்.